எம்டன் வருஷத்தில் பிறந்தவர்: ஒரு மில் தொழிலாளியின் ஆயுள்

சென்னையில் வயதானவர்களிடம் பிறந்த தேதி கேட்டால் ஒரு காலத்தில் தேதி வராது, ஏதாவது ஒரு சம்பவம்தான் வரும். “எம்டன் குண்டு போட்ட வருஷம்.” “தாது வருஷப் பஞ்சத்துல எங்க பாட்டி கைக்குழந்தை.” “ஜப்பான்காரனுக்குப் பயந்து ஊரே காலியானப்போ மூத்தவன் வயித்துல.” பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் வாத்தியார் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்ததாகக் கணக்கு. ஜூன் மாதத்தில் ஒரு தேதி பதிவேட்டில் ஏறும். கடைசிவரை சர்க்கார் காகிதங்களில் அதுதான் பிறந்தநாள்.

இதை விவரம் தெரியாத காலத்துக் குறை என்று நாம் பார்த்துப் பழகிவிட்டோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூற்றுக்கணக்கான சம்பவங்கள் நடந்த ஒரு காலத்தில் எதை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு தன் வாழ்க்கையை அளந்தார்கள் என்று பார்த்தால், அவர்களுக்கு எது உண்மையில் நடந்தது என்று தெரியும். நாம் பாடத்தில் படித்த பெரிய தேதிகளில் பல அந்தக் கணக்கில் இருக்காது. பாடத்தில் இடமே பெறாத சில தேதிகள் அதில் மிகப் பெரிதாக நிற்கும்.

இதைப் புரிந்துகொள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1914-ல் பெரம்பூரை ஒட்டிய பட்டாளத்தில் பிறந்தவர். அப்பா மில் தொழிலாளி, பிறகு இவரும் மில் தொழிலாளி. எண்பதைத் தாண்டி வாழ்ந்தவர். பெயர் வைக்கவில்லை. வடசென்னையில் இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள், அவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஓர் உருவம் இது. ஆள் மட்டுமே கற்பனை. தேதிகளும் சட்டங்களும் சம்பவங்களும் நடந்தவை. அவருடைய வயதை அவற்றின் மேல் வைத்துப் பார்க்கப்போகிறோம்.

அவர் பிறப்பதற்கு முன்பே வரலாறு அவர் வீட்டுக்குள் வந்துவிட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம்தான் தாது வருஷப் பஞ்சம். செங்கல்பட்டு, வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து கஞ்சிக்கும் கூலிக்கும் சென்னையை நோக்கி மக்கள் நடந்தார்கள். பஞ்ச நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரே அதற்கு நிலைத்தது. அதே 1876-ல் பின்னி கம்பெனியின் பக்கிங்காம் மில் தொடங்கியது. சில ஆண்டுகளில் அதன் பக்கத்தில் கர்நாடிக் மில் எழுந்தது. 1920-ல் இரண்டும் ஒரே நிறுவனமாயின. ஊர் வாயில் அது கடைசிவரை பின்னி மில்தான். பஞ்சத்தில் நிலத்தை விட்டு வந்த தாத்தா, மில்லுக்குப் போன அப்பா, மில் சங்குச் சத்தத்தில் பிறந்த பிள்ளை என்று ஒரு குடும்பத்தின் நாற்பது ஆண்டுகள் இதற்குள் அடங்கிவிடும்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சில நிமிடங்களில் முடிந்துபோன தாக்குதல் அது. சேதமும் ஊர் பயந்த அளவுக்குப் பெரிதில்லை. ஆனால் அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கிடைத்த ரயிலிலும் வண்டியிலும் ஏறி ஊரைவிட்டு ஓடினார்கள். வெள்ளைக்காரனையும் அடிக்க முடியும் என்பதைச் சென்னைவாசி தன் கண்ணால் பார்த்த இரவு அது. அதனால்தான் சில நிமிடச் சம்பவம் ஒரு தலைமுறைக்கே பிறந்த வருஷமானது என்று நினைக்கிறேன்.

நம்மவர் அந்த இரவில் தொட்டிலில் கிடந்திருப்பார். அவர் வாழ்க்கையை மாற்றியது அந்தக் குண்டு இல்லை. அந்த முதல் உலகப் போர் முடிந்த விதம்தான் மாற்றியது. அந்தக் கதை கொஞ்சம் நீளம்.

போர்க்காலத்தில் பின்னி மில் ராணுவத்துக்குக் காக்கித் துணி நெய்தது. மில்லுக்கு லாபம் ஏறியது, அதோடு அரிசி விலையும் ஏறியது. கூலி அந்த வேகத்துக்கு ஏறவில்லை. 1918 செப்டம்பரில் சென்னைக் கடைத்தெருக்களில் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. அதன் பின்னாலேயே இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் வந்தது. அந்த வருஷத்தின் ஏப்ரல் 27-ம் தேதி பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டு அதை உருவாக்கினார்கள். அன்னி பெசன்ட்டின் கூட்டாளியான பி.பி. வாடியா தலைவரானார். திரு.வி.க. துணைத்தலைவர்.

சங்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்றைப் பார்த்தால் மனசு கனக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும் என்பது அது. விட்டது அரை மணி. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்து, கைகழுவி, தூக்குச் சட்டியைத் திறந்து, சாப்பிட்டு, திரும்ப உள்ளே போக வேண்டும். பத்து நிமிஷம் கூட்டித் தரக் கேட்டார்கள். சுயராஜ்யப் பேச்சு ஊரெல்லாம் நடந்த வருஷத்தில் மில் வாசலில் நடந்த அரசியல் இந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றியது. இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போர் முடிந்ததும் செய்துகொண்ட வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் வழியாக 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உருவானது. அதன் முதல் மாநாடு அதே ஆண்டு வாஷிங்டனில் கூடியது. இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாக என்.எம். ஜோஷி போனார். அவருக்கு ஆலோசகராகப் போனவர் பெரம்பூர் சங்கத் தலைவர் வாடியா. அந்த மாநாட்டின் முடிவுகளை ஒட்டி இந்தியாவின் தொழிற்சாலைச் சட்டம் 1922-ல் திருத்தப்பட்டது. அதற்கு முன் ஒன்பது வயதுப் பிள்ளையை மில்லில் சேர்க்கலாம். புதிய சட்டம் பன்னிரண்டு வயதுக்குக் கீழே கூடாது என்றது. பதினைந்து வயது வரை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் சொன்னது.

இப்போது நம்மவர் வயதைப் போட்டுப் பாருங்கள். 1914-ல் பிறந்தவர் பழைய சட்டப்படி 1923-லேயே மில்லுக்குள் போயிருப்பார். புதிய சட்டத்தால் 1926 வரை வெளியே இருந்தார். மூன்று வருஷம். மில் தன் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு நடத்திய பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள அந்த மூன்று வருஷம் போதும். அவரைவிட ஏழெட்டு வயது மூத்த அண்ணனுக்கு அது கிடைத்திருக்காது. ஒரே வீட்டில் அண்ணன் கைநாட்டு, தம்பி கையெழுத்து என்று இருந்தால் அதற்குத் தம்பியின் புத்திசாலித்தனம் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இடையில் ஒரு உலகப் போரும் ஒரு உடன்படிக்கையும் வாஷிங்டனில் ஒரு கூட்டமும் இருக்கின்றன. அந்த வீட்டில் யாருக்கும் இது தெரிந்திருக்கவும் வழியில்லை.

அவர் மில்லுக்குள் போவதற்கு முன்பே, ஏழு வயதில், அவர் கண்ணால் பார்த்திருக்கக்கூடிய இன்னொன்று இருக்கிறது. அதை அவர் பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். 1921-ம் வருஷ வேலைநிறுத்தம்.

முந்தின டிசம்பரிலேயே மில் வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயிருந்தன. மில் நிர்வாகம் வாடியா மேல் வழக்குப் போட்டு, தொழிலாளர்களைத் தூண்டக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. சங்கம் நடத்துவதே குற்றம் போலாகிவிட்ட அந்த நிலையிலிருந்துதான் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்கும் குரல் வலுத்து, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நம்மவர் மில்லுக்குள் கால் வைத்த அதே வருஷம்.

1921 கோடையில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை இழுத்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலானவர்கள் சில நாட்களிலேயே வேலைக்குத் திரும்பினார்கள். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். மில் வாசல் சண்டை குடிசைகளுக்குள் புகுந்தது. புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. வீடிழந்தவர்களை வியாசர்பாடிப் பக்கம் முகாமில் வைத்தார்கள். ஆகஸ்ட் இறுதியில் போலீஸ் சுட்டதில் மறுபடியும் உயிர்கள் போயின. கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது. வெளியே நின்றவர்களில் பலருக்குத் திரும்ப வேலை கிடைக்கவில்லை.

ஆதிதிராவிடர்கள் ஏன் திரும்பினார்கள் என்பதை அந்தக் காலத்துத் தலைவர்கள் பலரும் ‘கருங்காலி’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அப்படி முடிக்க முடியாது. வேலைநிறுத்தத்தின்போது சாதி இந்துத் தொழிலாளி பலருக்குக் கிராமத்தில் ஒரு துண்டு நிலமோ, சொந்தக்காரர் வீடோ, கடன் தரும் ஒரு கடையோ இருந்தது. சேரியில் இருந்தவருக்கு அது எதுவும் கிடையாது. கிராமம் என்றால் பண்ணையாரிடம் திரும்பிப் போவது. மில் கூலிதான் அந்தப் பண்ணையிலிருந்து தப்பித்ததற்கான ஒரே ஆதாரம். அதோடு சங்கத்தில் பேசியவர்களும் முடிவெடுத்தவர்களும் யார் என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள். மாகாணத்தை அப்போது ஆண்ட நீதிக்கட்சியின் தலைவர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எதிராக எடுத்த நிலை, அதே கட்சியில் இருந்த ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜாவை மனம் நோகச் செய்தது. 1923-ல் அவர் கட்சியைவிட்டு விலகியதன் பின்னணியில் இதுவும் உண்டு.

ஆக, நம்மவர் தெருவின் எந்தப் பக்கத்தில் பிறந்தார் என்பதைப் பொறுத்து 1921 முற்றிலும் வேறு வேறு வருஷமாகிறது. ஒரு வீட்டில் அது அப்பா வேலையை இழந்த வருஷம். இன்னொரு வீட்டில் கூரை எரிந்த வருஷம். சாதாரணர்களின் வாழ்க்கையை எழுதும்போது ‘அக்காலத் தொழிலாளிகள்’ என்று பொதுவாகச் சொல்லிப் போய்விடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. இந்தத் தெருவில் அது நடக்காது. நான் வேண்டுமென்றேதான் நம்மவருக்குப் பெயரோடு சாதியும் சொல்லாமல் வைத்திருந்தேன். அதைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியாது என்று காட்டத்தான்.

முப்பதுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1930-ல் உப்புச் சத்தியாகிரகம், திருவல்லிக்கேணியில் துப்பாக்கிச் சூடு. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில். 1938-ல் இந்தி எதிர்ப்பு, அடுத்த ஆண்டு சிறையில் உயிர்விட்ட நடராசன், தாளமுத்து இருவரின் உடல்களும் வடசென்னை மூலக்கொத்தளத்துக்கு வந்து சேர்ந்தன. அந்த ஊர்வலங்களை நம்மவர் பார்த்திருக்கலாம். அவர் உடம்புக்குத் தெரிந்த மாற்றம் வேறு. அப்பா காலத்தில் பன்னிரண்டு மணி நேரமாக இருந்த வேலைநாள் 1922-ல் பதினொன்றாகி, 1934-ம் வருஷச் சட்டத்தால் பத்தானது, 1946-ல் ஒன்பதானது. பொழுது சாய்வதற்கு முன் வீட்டுக்கு வர முடிந்த நாள் எது என்று அவரைக் கேட்டிருந்தால் துல்லியமாகச் சொல்லியிருப்பார்.

இரண்டாம் உலகப் போரை அவர் மனைவி வழியாகப் பார்ப்பதுதான் சரி.

சென்னை அந்தக் காலத்தில் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தது. 1942 மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அங்கே இருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் காடும் மலையும் கடந்து நடந்தே தப்பி வந்தார்கள். அரிசிக் கப்பல் நின்றுபோனது. ஏப்ரல் 5-ல் கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. அடுத்தது சென்னைதான் என்று அரசே நம்பியது. அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அறிவித்தது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று உயிர்க்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். மாம்பலம், மயிலாப்பூர்த் தெருக்கள் வெறிச்சோடின.

போக முடிந்தவர்கள் போனார்கள். வக்கீலுக்குக் கும்பகோணத்தில் வீடு இருந்தது, குமாஸ்தாவுக்கு மாமனார் ஊர் இருந்தது. மில்காரர் வீட்டில் என்ன செய்வார்கள்? பயந்து கிராமத்துக்கு ஓடியவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஆனால் மில் ராணுவத்துக்காக ஓடிக்கொண்டிருந்தது, வேலையை விட்டால் கூலி இல்லை. ஊரே காலியானது என்று நம் வீடுகளில் சொல்லும் கதையை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும். காலியானது யாருடைய ஊர் என்று. ஓட்டேரியிலும் புளியந்தோப்பிலும் இரவு விளக்கை மறைத்துக்கொண்டு இருந்தவர்களுக்குச் சங்கு காலையில் வழக்கம்போல ஊதியது.

குண்டு விழுந்தது 1943 அக்டோபரில். ஒரே ஒரு ஜப்பானிய விமானம், துறைமுகப் பக்கம், பெரிய சேதமில்லை. அதே மாதம் பெருமழையில் கூவம் கரைபுரண்டு தாழ்வான குடிசைப் பகுதிகளை மூழ்கடித்தது. வடசென்னைக் குடும்பங்களுக்கு எது பெரியதாக இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆனால் அந்த வீட்டுப் பெண்ணுக்குப் போர் என்றால் இது இரண்டும் இல்லை. ரேஷன் கார்டுதான். 1943-ல் சென்னையில் அரிசிப் பங்கீடு வந்தது. ஆளுக்கு இவ்வளவுதான் என்று அரசாங்கம் அளந்து போட்ட அரிசி. கல்லும் நெல்லும் கலந்து வந்ததைப் புடைத்து, வராத வாரத்தில் பழக்கமில்லாத கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் கஞ்சியாகக் காய்ச்சி, வரிசையில் நிற்க விடியலுக்கு முன்பே ஒரு பிள்ளையை அனுப்பி வைத்து என்று அவர் நாள் மாறிப்போனது. போர் 1945-ல் முடிந்தது. வரிசை முடியவில்லை. 1952 ஜூனில் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை விலக்கும்வரை ஏறக்குறைய ஒன்பது வருஷம் அது நீடித்தது. பாடப்புத்தகப் போர் ஆறு வருஷம். அடுப்படிப் போர் அதைவிட நீளம், தொடங்கிய நாளும் முடிந்த நாளும் வேறு.

இந்த இடத்தில் தண்ணீரையும் சொல்ல வேண்டும். மேயராக இருந்த சத்தியமூர்த்தி முயற்சி எடுத்த பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் திறக்கப்பட்டது, அவர் இறந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு. போர்க்காலத்தின் நடுவே சத்தமில்லாமல் நடந்த இந்த வேலை தெருக்குழாயடியில் நின்ற பெண்களுக்கு எவ்வளவு பெரியது என்று அப்போது எந்தப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் எழுதியிருக்காது.

சரி, 1947. நம்மவருக்கு முப்பத்து மூன்று வயது. அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் ஆகஸ்ட் 15-ஐ எதிர்பார்ப்போம். ஆனால் அதே வருஷத்தின் முற்பாதியில் பின்னி மில்லில் நூறு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. இலங்கையிலிருந்து வந்து சங்கத் தலைவரான அந்தோணிப் பிள்ளை கைது செய்யப்பட்டார். மாகாணத்தில் அப்போது நடந்தது காங்கிரஸ் ஆட்சி. நூறு நாள் கூலி இல்லாமல் இருந்த வீட்டில் அடகுக் கடைக்குப் போகாத பாத்திரம் மிஞ்சியிருக்காது. அது முடிந்து இரண்டே மாதத்தில் சுதந்திரம் வந்தது. கொடியேற்றத்தை அவர் சந்தோஷமாகவே பார்த்திருப்பார், அதில் சந்தேகப்பட எனக்குக் காரணமில்லை. வட்டி கட்டிக்கொண்டே பார்த்திருப்பார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுமையாகிறது.

அவர் மனைவியின் கணக்கில் 1947-ஐவிட 1948 பெரியதாக இருந்திருக்கலாம். அந்த ஆண்டு மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. சம்பள நாள் மாலையில் மில் வாசலுக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடப்பட்டன. கள்ளச்சாராயம் வந்தது உண்மை. ஆனாலும் கூலி முழுசாக வீடு வந்து சேர்ந்த முதல் மாதம் எது என்று அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கு நினைவிருந்தது. 1971-ல் கடைகள் மறுபடி திறந்ததையும் அவர்கள் மறக்கவில்லை. நம் அரசியல் வரலாற்றில் மதுவிலக்கு ஒரு கொள்கை விவாதமாகத்தான் எழுதப்படுகிறது. சம்பள நாளில் வாசலில் நின்று காத்திருந்தவர்களிடம் கேட்டு எழுதியது மிகக் குறைவு.

ஓட்டு என்ற விஷயமும் அப்படித்தான். 1920-ல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தது, நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. சொத்தும் வரியும் இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. நம்மவரின் அப்பாவுக்கு அது எட்டவில்லை. நம்மவர் முதல்முறை ஓட்டுப் போட்டது 1952 ஜனவரியில், முப்பத்தேழு வயதில் என்று வைத்துக்கொள்ளலாம். அதே நாள், அதே வரிசையில் அவர் மனைவியும் போட்டார். வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்பது நமக்கு இன்று மூச்சுவிடுவது மாதிரி. மூன்று தலைமுறையாக மில் வாசலில் நின்ற குடும்பங்களில் வயது வந்த எல்லாரும் அன்றுதான் முதலாளிக்குச் சமமாக ஒரு காகிதத்தைப் பெட்டியில் போட்டார்கள்.

ஐம்பதுகள் அந்தக் குடும்பத்துக்கு நல்ல காலம். 1953 அக்டோபரில் ஆந்திரா பிரிந்தது. ‘மதராஸ் மனதே’ (மதராஸ் நமதே) என்ற தெலுங்கு முழக்கமும் ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்ற பதிலும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் வடசென்னைத் தெருக்களில் சங்கடமாகத்தான் ஒலித்திருக்கும். சங்கத்தை உருவாக்கியவர்களே செட்டியாரும் நாயுடுவும்தானே. அதே வருஷ ஏப்ரலில் டிராம் நின்றது. 1955 அக்டோபர் 2-ல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை (ஐ.சி.எஃப்.) நேரு திறந்துவைத்தார். நம்மவரின் மூத்த மகன் முப்பதுகளின் பிற்பாதியில் பிறந்திருந்தால் அப்போது சரியாக வேலை தேடும் வயது. அப்பா மில், பிள்ளை ஐ.சி.எஃப். என்று பெரம்பூர், அயனாவரத்தில் எத்தனை குடும்பங்கள்! மத்திய அரசு வேலை, பென்ஷன், குவார்ட்டர்ஸ். பஞ்சத்தில் நடந்துவந்த குடும்பம் நடுத்தர வர்க்கமான இடம் அதுதான். இவருக்கும் தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமும் வருங்கால வைப்பு நிதியும் இந்தக் காலத்தில்தான் வந்தன. 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தபோது வயது நாற்பத்திரண்டு. கணக்குப் போடும்போது மனசுக்குள் அணாவில் போட்டுப் பிறகு பைசாவுக்கு மாற்றிச் சொல்லும் பழக்கம் அந்தத் தலைமுறைக்குக் கடைசிவரை போகவில்லை.

பிறகு மறுபடியும் அரிசி. அறுபதுகளின் நடுவில் வறட்சி, தட்டுப்பாடு, கடை வாசலில் பழைய வரிசை. 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்.’ ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள். இந்தத் தேர்தலை மொழிப்போராட்டத்தின் வெற்றியாகப் படிக்கிறோம், அது சரிதான். மாணவர்கள் அதற்காக உயிர் கொடுத்தார்கள். ஆனால் 1918-ன் கடைச் சூறையையும் 1943-ன் வரிசையையும் பார்த்த வீட்டில், ஐம்பது வருஷமாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவருக்கு அந்த வீடு ஓட்டுப் போட்டது. இந்த இரண்டு காரணங்களில் ஒன்றை உயர்வாகவும் மற்றதைத் தாழ்வாகவும் வைக்கிற எழுத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பசியை அரசியல் அறிவுக்குக் கீழே வைப்பவர்கள் பெரும்பாலும் வரிசையில் நிற்காதவர்கள்.

1969 பிப்ரவரியில் அண்ணாவின் இறுதி ஊர்வலத்துக்குக் குடும்பத்தோடு போயிருப்பார். அதற்கு அடுத்த சில வருஷங்களில் ஓய்வு. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் புளியந்தோப்புப் பக்கம் மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. பர்மாவிலிருந்து அறுபதுகளில் திரும்பியவர்கள் வியாசர்பாடியில் குடியேறி அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கத் தொடங்கினார்கள். மில் நலிந்து நலிந்து 1996-ல் மூடியபோது நம்மவருக்கு எண்பத்திரண்டு. அதற்கப்புறம் அந்த வளாகம் கொஞ்ச காலம் சினிமா படப்பிடிப்புக்குப் பயன்பட்டது, இப்போது அடுக்குமாடி வீடுகள் வந்திருக்கின்றன. சங்கு நின்றுபோனதால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நேரம் தெரியாமல் போனது என்று சொல்லும் முதியவர்கள் உண்டு.

நம் வீட்டுப் பெரியவர்களின் கதையை எழுத நினைப்பவர்கள் இப்போது நிறைய. போனில் பதிவு செய்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் கேட்கும் கேள்விதான் பெரும்பாலும் தவறிப்போகிறது. “சுதந்திரம் வந்தப்போ எப்படி இருந்துச்சு தாத்தா?” என்றால் அவர் டிவியில் கேட்டதைத் திருப்பிச் சொல்வார். “முதல் கூலி எவ்வளவு, அதில் என்ன வாங்கினீங்க?” என்று கேளுங்கள். எந்த வயதில் வேலைக்குப் போனார், எத்தனை மணிக்குத் திரும்புவார், வீட்டுக்கு முதல் ரேஷன் கார்டு எப்போது வந்தது, அடகில் போய்த் திரும்பாத பொருள் எது, எந்தத் தெருவுக்குள் போகக் கூடாது என்று சின்ன வயதில் சொல்லி வளர்த்தார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராது. வற்புறுத்த வேண்டாம், ஆனால் கேட்காமல் விடவும் வேண்டாம். பாட்டியைத் தனியாகக் கேளுங்கள், தாத்தா பக்கத்தில் இருந்தால் அவர் தேதியையே இவரும் சொல்வார்.

வருஷம் தெரியாவிட்டால் பரவாயில்லை. தமிழ் வருஷப் பெயர் நினைவிருந்தால் போதும், அறுபது வருஷச் சுழற்சியில் அதைப் பொருத்திவிடலாம். ஆனந்த வருஷம் என்றால் 1914–15, சித்திரபானு என்றால் 1942–43, சர்வசித்து என்றால் 1947–48. மழை, வெள்ளம், தலைவர் மறைவு, சினிமா தியேட்டர் திறப்பு என்று அவர் சொல்லும் எதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் காகிதங்களைத் தேடலாம். மில் சேவைப் புத்தகம், வைப்பு நிதிச் சீட்டு, பழைய ரேஷன் கார்டு, வாடகை ரசீது எல்லாம் டிரங்குப் பெட்டியில் இருக்கும், வீடு மாற்றும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அவைதான். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தக் கால அரசாணைகளைப் பார்க்கலாம். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகள் கிடைக்கின்றன. பேசக்கூடிய நிலையில் இருக்கும் பெரியவர்களில் 1943 வரிசையைப் பிள்ளையாக நின்று பார்த்தவர்களுக்கு இன்று தொண்ணூறு வயதை நெருங்கியிருக்கும் அல்லது தாண்டியிருக்கும். பெட்டியை அப்புறம் திறக்கலாம், அவர்களிடம் இந்த வாரமே போய் உட்காருங்கள்.